துண்டு போட முடியாத பஸ்

நான் செய்த போன் கேமில் ஒன்பதாவது லெவல் ஹேங் ஆகிறது என்று முதலில் சொன்னது என் மதினி. அண்ணன் மனைவி. வடமதுரையிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் திண்டுக்கல் வந்து ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். எதையும் எழுதி அனுப்பும் பழக்கம் கிடையாது. வாட்சப்பில் குரலாகத்தான் வரும், அதிலும் பாதி பஸ் இரைச்சல்.

"ஏம்மா, ஒங் கேமு நல்லாத்தான் இருக்கு. எட்டு வரைக்கும் முடிச்சுட்டேன். ஒம்பதுல அப்பிடியே நின்னுபோச்சு. எம் போன் கோளாறா ஒங் கோளாறான்னு தெரியல. செத்த பாரு."

அடுத்து ஒன்பதில் மாட்டி நின்றது என் வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறார். போனை என் முன்னால் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கேள்வியே தப்பு" என்றார். "பரீட்சைல இப்பிடி வந்தா எல்லாருக்கும் முழு மார்க் போட்டு விட்ருவாங்க. நீயும் போட்டு விட்ரு."

"பதில் இருக்கு. நீங்க யோசிக்கல."

"யோசிச்சேன். சிலபஸ்ல இல்ல."

மூன்றாவது, பேகம்பூரில் தையல் கடை வைத்திருக்கும் என் தோழி. என்னைவிட இளையவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவள் சொன்னதுதான் எல்லாவற்றையும்விட மோசம்.

"அக்கா, ஒங்க கேமு நம்ம கையத் தட்டி விடுதுக்கா."

கையைத் தட்டி விடுகிறதாம். என்ன மாதிரிப் புகார் இது? இதை வைத்துக்கொண்டு நான் எதைத் திருத்துவது?

விளையாட்டு மிக எளிது. ஒரு டவுன் பஸ். வெளியே ஆட்கள் நிற்பார்கள். யாரை எந்த சீட்டில் உட்கார வைப்பது என்று விரலால் இழுத்துப் போடவேண்டும். ஆளுக்கு ஒரு வில்லங்கம் இருக்கும். வாந்தி எடுப்பவருக்கு ஜன்னல் ஓரம் வேண்டும். கைக்குழந்தைக்காரிக்குப் பின்சீட்டு ஆகாது, தூக்கித் தூக்கிப் போடும். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு சம்பந்திகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார மாட்டார்கள், ஒருவர் முதுகைப் பார்த்து மற்றவரும் உட்கார மாட்டார். கோழிக்கூடை சீட்டுக்கு அடியில் போகவேண்டும். வெங்காய மூட்டை டிரைவர் பக்கத்தில். எல்லோரும் உட்கார்ந்துவிட்டால் கண்டக்டர் விசில் கொடுப்பார், வண்டி கிளம்பும். அவ்வளவுதான். துப்பாக்கி கிடையாது. காசு போட்டு வாங்கும் வைரம் கிடையாது.

வைரத்தைப் பற்றிச் சொல்லக் காரணம் இருக்கிறது. சென்னையில் ஒரு கம்பெனியில் எனக்கு லெவல் வடிவமைக்கும் வேலை. கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் ஆட்களைத் தோற்கடிக்கிற வேலை. கலர் கற்களை வரிசையாகச் சேர்க்கும் கேம், ஜெயிக்கப் போகிற நேரத்தில் ஒரே ஒரு கல் குறைவாக விழும்படி செய்யவேண்டும். அந்த எரிச்சலில் காசைப் போட்டு வைரம் வாங்குவார்கள். எந்த லெவலில் எத்தனை பேர் எரிச்சலானார்கள் என்பதைத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் சுவரில் காட்டிக் கைதட்டுவார்கள். என் லெவல்களுக்கு நல்ல கைதட்டல். எரிச்சல் மூட்டுவது எனக்குக் கைவந்த கலை என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். நான் அங்கே, வீட்டுக்காரர் இங்கே. சனிக்கிழமை ரயிலில் வந்து ஞாயிற்றுக்கிழமை ரயிலில் போகிற கல்யாண வாழ்க்கை. ஒருநாள் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

தனி ஆட்கள் செய்யும் கேம்களுக்கென்று வெளிநாட்டில் ஒரு கண்காட்சி நடக்கிறது, எல்லாம் இணையத்தில்தான். அதில் இடம் கிடைத்தால் பல ஊர்க்காரர்கள் விளையாடிப் பார்ப்பார்கள், கொஞ்சம் பேராவது வாங்குவார்கள், நான் திண்டுக்கல்லிலேயே இருந்துவிடலாம். கிடைக்காவிட்டால் மறுபடியும் சென்னை, மறுபடியும் சனிக்கிழமை ரயில். இது நானும் வீட்டுக்காரரும் பேசி முடித்தது. பழைய மேலாளர் வேறு திரும்பி வரச் சொல்லிப் போன் போட்டுக்கொண்டே இருந்தார். கண்காட்சிக்கு அனுப்பவேண்டியது முதல் பத்து லெவல்கள். எல்லோரும் ஒன்பதிலேயே நிற்கிறார்கள் என்றால் பத்தை நான் யாருக்குச் செய்தேன்?

அதிலும் ஒன்பதுதான் என் செல்லப்பிள்ளை. காலை நேரத்து வடமதுரை வண்டி. வெயில் ஆகாத ஒரு தாத்தாவை நிழல் பக்கத்தில் உட்கார வைக்கவேண்டும். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது நிழலாகத் தெரிகிற பக்கம், வண்டி திரும்பி ரோட்டுக்கு வந்ததும் வெயில் பக்கம் ஆகிவிடும். அதனால் இப்போது வெயில் அடிக்கிற சீட்டில்தான் அவரை உட்கார வைக்கவேண்டும். இதை யோசித்த அன்று நானே எனக்கு ஒரு பிரியாணி வாங்கிக் கொடுத்துக்கொண்டேன். அப்படிப்பட்ட லெவலைப் பார்த்து ஹேங் என்கிறார்கள்.

தேடினேன். மதினி போனை வாங்கி வந்து ஓட்டினேன், ஓடியது. வீட்டுக்காரர் போனில் ஓடியது. கண்ணாடி உடைந்த என் பழைய போனில்கூட ஓடியது. எழுதிய நிரலை வரி வரியாகப் படித்தேன். தப்பு இல்லாத இடத்தில் தப்பைத் தேடுவதுபோல ஒரு தண்டனை கிடையாது. என் முகத்தைப் பார்த்து வீட்டுக்காரர் சமையலை அவர் கையில் எடுத்துக்கொண்டார். தினமும் ரசம், வெஞ்சனத்துக்கு அப்பளம்.

"நீ வெளையாடினா ஓடத்தான் செய்யும்" என்றார் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. "வாத்தியாரே பரீட்சை எழுதுனா பாஸாகாம என்ன? தப்பு பண்றவன் பக்கத்துல போய் உக்காந்து பாரு."

பேகம்பூருக்குப் போனேன். தோழியின் கடை அகலம் ஒரு கட்டில் அளவுதான் இருக்கும். கல்யாண சீசன். பிளவுஸ் வாங்க வந்த இரண்டு பெண்கள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தி பெரியவள், ஒருத்தி புதுப்பெண். விளையாடுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் ஒரு விதி. எனக்கு அது வராது. எட்டாவது லெவலிலேயே "அங்க இல்ல, அங்க இல்ல" என்று ஆரம்பித்துவிட்டேன்.

தோழி மெஷினை நிறுத்தினாள். ஒரு பிளவுஸையும் கொக்கி டப்பாவையும் என் மடியில் போட்டாள்.

"இந்தாங்கக்கா, கொக்கி தைங்க. பல்லுல நூலக் கடிச்சுக்கிட்டா வாயத் தொறக்க முடியாதுல்ல?"

நூலைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். ஒன்பது வந்தது. பஸ் நிற்கிறது. வாசலில் கூட்டம். தாத்தா வரிசையில் கடைசி. தோழி ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. தாத்தாவின் தோளில் கிடந்த துண்டில் விரலை வைத்தாள். துண்டை மட்டும் தனியாக உருவி, ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுபோய் சீட்டில் போட்டாள். துண்டு திரும்பி வந்து தாத்தாவின் தோளில் ஏறிக்கொண்டது. மறுபடி போட்டாள். மறுபடி திரும்பி வந்தது.

"பாத்தீங்களா? தட்டி விடுது."

"அந்த ஜன்னல் சரியில்ல போல. அடுத்த ஜன்னல்ல போடு" என்றாள் பெரியவள்.

அடுத்த ஜன்னலில் போட்டாள். திரும்பி வந்தது.

"சீட்டுல படலம்மா" என்றாள் புதுப்பெண். "நல்லா விரிச்சாப்புல போடணும். சுருட்டிப் போட்டா எவனாவது நகட்டி விட்ருவான்."

நான் நூலைத் துப்பினேன்.

"துண்ட எதுக்குடி போடுறீங்க? ஆளப் போடுங்க!"

மூன்று பேரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

"ஆளு எப்பிடிங்க ஏறும், இம்புட்டுக் கூட்டத்துல?" என்றாள் பெரியவள். "மொதல்ல துண்டப் போட்டுட்டு அப்பறம் நெதானமா ஏறணும். பெறகு ஜன்னலு எதுக்கு வச்சிருக்கான்?"

"காத்துக்கு!"

"காத்துக்கு ஜன்னலாம்" என்று புதுப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோழி என் மடியிலிருந்த பிளவுஸைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கோபத்தில் நான் கொக்கியைத் தப்பான பக்கத்தில் தைத்திருந்தேன்.

இப்போது விளங்கிவிட்டது. ஏழாவது லெவலில் கோழிக்கூடைக்காகவும் மூட்டைக்காகவும், கையில் உள்ள சாமான்களைத் தனியாக இழுக்கலாம் என்று வைத்திருந்தேன். துண்டும் சாமான் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஆனால் சாமானை சீட்டின் மேல் வைக்க முடியாது, திரும்பி வந்துவிடும். நான் அதை ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. தாத்தா தோளில் அழகுக்கு வரைந்த துண்டு அது. ஊரே முதல் வேலையாக அதைத்தான் தொட்டிருக்கிறது.

தோன்றாததற்குக் காரணம் உண்டு. பஸ்ஸில் துண்டு போட்டு சீட்டுப் பிடிப்பதுபோல நான் வெறுக்கிற விஷயம் இந்த மாவட்டத்தில் வேறு எதுவும் இல்லை. துண்டு மட்டுமா? கர்ச்சீப், தண்ணீர் பாட்டில், டிபன் பை, ஒருமுறை ஒற்றைச் செருப்பு. மூச்சு முட்ட ஏறி உள்ளே போனால் சீட்டெல்லாம் துணி காய்ந்துகொண்டிருக்கும். பக்கத்தில் இருப்பவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே "ஆள் வருது" என்பார். எந்த ஆள்? எங்கிருந்து வருகிறது? கேட்கக் கூடாது.

நான் ஒருமுறை கேட்டேன். மதினி வீட்டுக்குப் போகும்போது, அவரும் கூட இருந்தார். இரண்டு பேர் சீட்டில் ஒரு பூப்போட்ட துண்டு. எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அது கீழே கொய்யாப்பழக் கூடையில் விழுந்தது. பஸ் முழுக்க ஒரே சத்தம். "யம்மா, என்ன இது அநியாயம்?" "படிச்ச பொம்பள மாதிரித் தெரியுது, இப்பிடியா?" இவ்வளவும் பேசியது யார்? சீட்டு கிடைக்காமல் நின்றுகொண்டிருந்தவர்கள். அந்தத் துண்டால் நிற்கிறவர்கள், அந்தத் துண்டுக்காக என்னோடு சண்டை போட்டார்கள். துண்டின் சொந்தக்காரர் கொய்யாக்காரியோடு வந்து ஜன்னலுக்குக் கீழே நின்று கத்தினார். கண்டக்டர் வந்தார்.

"யம்மா, எந்திரிங்க. துண்டு கெடந்துச்சுல்ல?"

"துண்டுக்கு டிக்கெட் போட்டீங்களா?"

"சட்டம் பேசுற நேரமா இது? வண்டிய எடுக்கணும்மா."

நான் எழுந்திருக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் மதினியைக் காணோம். கடைசி சீட்டில் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, யாரோ ஒரு அம்மாவிடம், "ஆரு பெத்த புள்ளையோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே என் கேமில் உள்ள பஸ்ஸை வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருந்தேன். உட்கார்ந்தவருக்கு சீட்டு. நான் ஏற ஆசைப்பட்ட பஸ் அது. ஊர் ஏற ஆசைப்படவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். வீட்டுக்காரர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார், முடியவில்லை.

"துண்ட அழிச்சுட்டா?" என்றார்.

அழித்துப் பார்த்தேன். தாத்தாவைத் துண்டில்லாமல் மதினிக்கு அனுப்பினேன். பதில் உடனே வந்தது. "தாத்தா கைல பை இருக்குல்ல, அதப் போட்டாலும் ஏறல." பையையும் எடுத்தேன். "செருப்பக் கழட்ட முடியுமா?" என்று கேட்டார்.

கண்காட்சிக்கு அனுப்பவேண்டிய கடைசி நாள் நெருங்கிவிட்டது. மேலாளர் போனில், "எப்ப வர்றீங்க?" என்றார், வருவதா இல்லையா என்ற கேள்வியே முடிந்துபோன மாதிரி. வீட்டுக்காரர் அன்று சாயங்காலம் பரணிலிருந்து என் பழைய சூட்கேஸை இறக்கித் தூசி தட்டினார். ஏன் என்று கேட்டேன். சும்மா, பாச்சை இருக்கிறதா என்று பார்த்தாராம். பதில் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த சூட்கேஸைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் துண்டின் மேலா, மேலாளர் மேலா, தெரியாது. உட்கார்ந்து ஒன்பதைக் கலைத்துப் போட்டேன்.

துண்டு வேண்டுமா? வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் வழியாகப் போட்டால் சீட்டில் விழும். விழுந்தால் சொந்தக்காரர் வரும்வரை யாரும் உட்கார மாட்டார்கள். ஆனால் ஒரே ஒரு துண்டுதான். அதோடு நான் இன்னொரு ஆளையும் வரிசையில் நிறுத்தினேன். கையில் குடை, தோளில் பெரிய பை, முகத்தில் கடுகடுப்பு. அந்த அம்மா ஏறி வரும்போது தனக்குப் பிடித்த சீட்டில் துண்டு கிடந்தால் எடுத்து வெளியே வீசிவிட்டு உட்கார்ந்துகொள்வாள். அவளுக்கு எது பிடிக்கும், அவள் எத்தனையாவதாக ஏறுவாள் என்று கண்டுபிடித்து, அவள் கை படாத சீட்டில், வண்டி திரும்பிய பிறகு நிழல் வருகிற பக்கத்தில், துண்டைப் போடவேண்டும். பழிவாங்கத்தான் செய்தேன். எல்லோரும் அவளிடம் மாட்டிச் சாகட்டும் என்றுதான் செய்தேன்.

மதினிக்கு அனுப்பினேன். குரல் வந்தது, பின்னால் இரைச்சலோடு நாலைந்து பேர் பேசுவதும் கேட்டது.

"ஏம்மா, பஸ்ஸே வெளையாடுது. அந்தக் கொடக்காரி துண்டத் தூக்கி எறிஞ்சா பாரு, எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் போன ஒடைச்சிருப்பேன். ஆனா விடல. வடமதுர வண்டில காலைல எந்தப் பக்கம் வெயிலடிக்கும்னு எனக்கா தெரியாது? முடிச்சுப்புட்டேன். பத்தாவதும் முடிச்சாச்சு. பதினொண்ணு எங்க?"

தோழியும் முடித்தாள். அவள் வேறு ஒன்றையும் கண்டுபிடித்தாள்.

"அக்கா, இந்தக் கொடக்காரி மூக்கு ஒங்க மூக்கு மாதிரியே இருக்கே?"

"தற்செயலா வந்துருக்கும்."

"கொடையும் ஒங்க கொடதான். கம்பி ஒடைஞ்சது வரைக்கும் வரைஞ்சிருக்கீங்க."

கண்காட்சிக்கு அனுப்பிவிட்டேன். சில நாள் கழித்து அங்கிருந்து ஒரு மின்னஞ்சல். தேர்வுக்குழுவில் ஒரு பெண் எழுதியிருந்தாள், மரியாதையாகத்தான். எட்டு லெவல்கள் அருமையாம். ஒன்பதில் குழுவில் எல்லோரும் நின்றுவிட்டார்களாம். சீட்டில் ஏன் துணி கிடக்கிறது, துணி கிடந்தால் மனிதர்கள் ஏன் உட்காராமல் நிற்கிறார்கள், துணிக்கு ஏதாவது சக்தி உண்டா என்று கேட்டிருந்தாள். முடிவு சொல்வதற்கு முன் இதைச் சரிசெய்து அனுப்ப ஒரு வாரம் தருகிறார்களாம்.

துண்டு இல்லாவிட்டால் திண்டுக்கல்காரன் விளையாட மாட்டான். துண்டு இருந்தால் உலகத்தில் வேறு யாரும் விளையாட மாட்டார்கள். நடுவில் நான்.

விளக்கம் எழுதி லெவலின் தலையில் ஒட்டலாம் என்றார் வீட்டுக்காரர். அவரே எழுதியும் கொடுத்தார். "ஒரு பேருந்து இருக்கையின் மீது ஒரு நபரின் உடைமை வைக்கப்பட்டிருப்பின், அந்நபர் அவ்விருக்கையில் அமர்ந்திருப்பதாகவே கொள்க." படித்துவிட்டு, "நிரூபிக்கணுமா?" என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

தோழியிடம் கேட்டேன். "ஏண்டி, ஒருத்தன் துண்டப் போட்டா ஏன் யாரும் எடுக்க மாட்டேங்குறாங்க?"

"நாளைக்கு நம்ம துண்டப் போட்டா அவன் எடுக்கக் கூடாதுல்ல?" என்றாள் ஊசியில் நூல் கோத்தபடி. "இதுல என்னக்கா இருக்கு. இத ஒரு கேள்வின்னு வெளிநாட்டுல இருந்து கேக்குறாங்களாக்கும்?"

சரி. எழுத்தில் வேண்டாம், படமாகவே புரியவேண்டும். அதற்கு முதலாவது லெவலிலேயே துண்டைப் பழக்கிவிடவேண்டும். செய்தேன். சோதிக்க ஆள்தான் கிடைக்கவில்லை. துண்டு போட்டு இடம் பிடிப்பது தெரியாத ஒரு ஆளை இந்த ஊரில் எங்கே போய்த் தேடுவேன்? வடநாட்டிலிருந்து வந்து எங்கள் தெருவில் டைல்ஸ் ஒட்டுகிறவரைக் கேட்டேன். ரயிலில் அவர் ஊரிலிருந்து இங்கே வரும்வரை கர்ச்சீப் போட்டுத்தான் வந்தாராம்.

கடைசியில் மாடியிலேயே இருந்தாள். வீட்டு ஓனரின் மருமகள், துபாயில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி வந்ததிலிருந்து காரைத் தவிர எதிலும் ஏறியதில்லை. போனைக் கொடுத்தேன், ஒரு முறம் நிறைய மொச்சை உரிக்க எடுத்துக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்தேன். லெவலில் ஒரு காலி சீட்டு, மேலே ஒரு துண்டு. அவள் துண்டை எடுத்துக் கொண்டுபோய் டிரைவரிடம் வைத்தாள்.

"யாரோ பாவம், விட்டுட்டுப் போயிட்டாங்க ஆன்ட்டி. டிரைவர்கிட்ட குடுத்தா தேடி வரும்போது குடுத்துருவாருல்ல?"

மொச்சையைக் கடித்தேன், பச்சையாக. ஆனால் அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. கிடக்கிற துண்டு வெறும் துண்டுதான். போடுகிற கையைப் பார்த்திருக்கவேண்டும். ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒருவர் துண்டு வீசுவதைச் சேர்த்து, மறுநாள் கொண்டுபோனேன்.

"சீ, குப்பைய பஸ்ஸுக்குள்ள போடுறாரு" என்றாள்.

மறுபடி இறங்கி வந்து, இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். துண்டு விழுகிறது. வரிசை ஏறி வருகிறது. முதல் ஆள் சீட்டைப் பார்க்கிறார், துண்டைப் பார்க்கிறார், பெருமூச்சு விட்டுக் கம்பியைப் பிடித்து நிற்கிறார். அடுத்தவரும் அப்படியே. எல்லோரும் ஏறி முடிந்ததும், துண்டு போட்டவர் சீப்பால் தலையை வாரிக்கொண்டே ஆடி அசைந்து வந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உட்காருகிறார். பிறகு விளையாடுபவர் கையில் ஒரு துண்டு.

மருமகள் பார்த்தாள். வாய் மெல்லத் திறந்தது.

"அடப்பாவி! ரிசர்வேஷன்!"

"கண்டுபுடிச்சிட்டியா?"

"ஆன்ட்டி, இது சூப்பர் ஆன்ட்டி. இன்னும் துண்டு இருக்கா? எல்லா சீட்லயும் போடணும்."

ஒரே நிமிஷத்தில் திண்டுக்கல்காரி ஆகிவிட்டாள். அடுத்த வாரம் மாமியாருக்குத் தெரியாமல் டவுன் பஸ்ஸில் ஏறி, நிஜமாகவே துப்பட்டாவைப் போட்டு இடம் பிடித்துப் பார்த்ததாக வந்து சொன்னாள். பெருமையாகச் சொன்னாள்.

திருத்தியதை அனுப்பினேன். தேர்வுக்குழுப் பெண் இரண்டே வரியில் பதில் போட்டாள். கண்காட்சியில் என் கேமுக்கு இடம் உண்டு. துணியைப் போட்டு ஜெயித்தபோது தான் எழுந்து நின்று கத்தியதாகவும், பக்கத்து அறையில் இருந்தவர்கள் பயந்துவிட்டதாகவும் எழுதியிருந்தாள். மேலாளரைக் கூப்பிட்டு வரவில்லை என்று சொன்னேன். நன்றாக யோசிக்கச் சொன்னார். யோசிப்பதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சமையலறைக்குப் போனால் வீட்டுக்காரர் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கையைக்கூடக் கழுவாமல் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சேலையில் புளிக்கறை இன்னும் போகவில்லை.

கண்காட்சி திறந்தது. பலர் விளையாடினார்கள். கருத்துகள் வர ஆரம்பித்தன, எந்தெந்த ஊர்களிலிருந்தோ. தாத்தாவைப் பிடித்திருந்தது. பேசிக்கொள்ளாத சம்பந்திகளைப் பிடித்திருந்தது. கோழியை எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் ஒரு விஷயத்தில் உலகமே ஒன்றுசேர்ந்துவிட்டது. குடைக்காரியை இறக்கிவிடு. அவள் ஏன் இவ்வளவு கொடூரமாக இருக்கிறாள்? துணி போட்டவர் முறைப்படிதானே போட்டார்? அவளுக்கு மனசாட்சி இல்லையா? அவளைக் கண்டக்டர் இறக்கிவிடுகிற மாதிரி ஒரு லெவல் செய்தால் தனியாகவே வாங்குவேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். நேற்றுவரை துணிக்கு சக்தி உண்டா என்று கேட்டவர்கள், துணியின் நியாயத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தார்கள். கொய்யாக் கூடைக்குப் பக்கத்தில் நின்று கத்தியவர்தான் பல பெயர்களில் எழுதுகிறாரோ என்று எனக்கு சந்தேகமே வந்துவிட்டது.

வீட்டில் கருத்துக் கேட்டேன். மதினி குரல் அனுப்பினார்: "எறக்கி விட்ரும்மா. ஊரு வாயில எதுக்கு விழுகணும்?" தோழியும் அவர் கட்சி. வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எறக்கி விட்டா வண்டி நல்லாத்தான் போகும்" என்றார். "ஆனா எனக்குப் பொழுது போகாது."

உட்கார்ந்து எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதினேன். குடைக்காரியை இறக்க முடியாது. அவள் டிக்கெட் வாங்கியிருக்கிறாள்.

உடனே ஒருவர் பதில் போட்டார். அப்படியென்றால் இந்தக் கேமிலிருந்து தான் இறங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

நல்லது. ஒரு சீட்டு காலி.